ஆளுக்கொரு காற்று

தனியாக இருக்கிறவன் கையில் நிறைய நேரத்தைக் கொடுத்துவிடக் கூடாது. சிலர் குடிப்பார்கள், சிலர் பாட்டு எழுதுவார்கள், சிலர் மொட்டை மாடியில் கத்தரிக்காய் வளர்ப்பார்கள். நான் விதிகள் எழுதினேன். இல்லாத ஒரு நாட்டில், இல்லாத ஒரு கோட்டை மதிலின் மேல், எவ்வளவு காற்று அடித்தால் இல்லாத ஒரு மனிதன் கீழே விழுவான் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். அந்த விதிகளைக் கொண்டே, நிஜமான மனிதர்கள் முன்னால், நிஜமாகவே நான் விழுந்த கதை இது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சொந்த ஊர் கரூர். கந்தர்வக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக வேலை கிடைத்து வந்திருந்தேன். அலுவலகத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் சாயங்காலம் ஆனால் எல்லோருக்கும் போவதற்கு ஒரு வீடு இருந்தது. புதுக்கோட்டை பஸ், தஞ்சாவூர் பஸ் என்று ஏறிப் போய்விடுவார்கள். நான் அவர்களோடு பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய், அவர்கள் ஏறியதும் கையாட்டிவிட்டுத் திரும்பி வருவேன். (எனக்குப் பஸ் ஸ்டாண்டில் எந்த வேலையும் கிடையாது. என் அறை அதற்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது.)

வார நாட்களை இப்படி ஓட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைதான் சிரமம். மெஸ் மூடியிருக்கும். பரோட்டா கடைக்குப் போவேன். எதிர் நாற்காலியில் யாராவது வந்து உட்கார்ந்தால் சால்னா வாளியை அவர் பக்கம் நகர்த்தி வைப்பேன். அவர் தலையை ஆட்டுவார். அன்றைக்கு நான் மனிதர்களோடு நடத்திய பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் பழைய விளையாட்டைத் தூசி தட்டி எடுத்தேன். திருச்சியில் கல்லூரி கேன்டீனில் நாங்கள் நாலு பேர் ஆடிய விளையாட்டு அது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வீரன், ஒருவர் வைத்தியர், ஒருவர் திருடன் என்று. 'நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று கதை சொல்பவர் கேட்பார். 'உள்ளே போய்ச் சண்டை போடுகிறேன்' என்று ஒருவர் சொன்னால், ஜெயித்தாரா தோற்றாரா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். எந்த எண் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு விதிகள் வேண்டும். அந்த விதிகளை எழுதியவன் நான். நண்பர்களுக்கு என்மேல் இருந்த மரியாதைக்கு ஒரே காரணமும் அதுதான்.

பிறகு ஒருவன் கனடா போனான், ஒருவன் பெங்களூரு போனான், ஒருத்திக்குக் கல்யாணமாகி இரட்டைக் குழந்தை பிறந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கடைசியாக இருந்தது, 'இந்த ஞாயிறு யாருக்காவது முடியுமா?' என்று நான் அனுப்பியதுதான். எல்லோரும் படித்துவிட்டதாக அதன் ஓரத்தில் நீலக்கோடு காட்டியது. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

ஆகவே நான் தனியாக ஆட ஆரம்பித்தேன். மூன்று பாத்திரத்துக்கும் நானே பகடை உருட்டினேன், மூன்று பேர் குரலிலும் நானே பேசினேன். கனடாக்காரன் மாதிரி கட்டைக் குரலில் சவால் விட்டேன். இரட்டைக் குழந்தைக்காரி மாதிரி கீச்சுக் குரலில் அழுதேன். (நன்றாகவே அழுதேன்.) பிறகு கதை சொல்பவனாக மாறி, அவளைக் கொல்லும்படி பூதத்துக்கு உத்தரவு போட்டேன்.

கீழ் வீட்டில் இருந்தவர்கள் வீட்டுக்காரர் செல்வராசும் அவர் மனைவி வளர்மதியும். செல்வராசு அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். பல வருடம் குவைத்தில் இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பியவர். தெருவில் அவருக்குக் 'குவைத்தார்' என்றுதான் பெயர். மகனும் மகளும் சென்னையில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் காலையில் மோட்டாரைப் போடுவார், பிறகு அணைப்பார், பிறகு சரியாக அணைத்தோமா என்று போய்ப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் கதவைத் தட்டினார். கையில் திருநீற்றுப் பொட்டலம். அறையை எட்டிப் பார்த்துக்கொண்டே, மேல வேற யாரும் வந்திருக்காங்களா தம்பி என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை என்றேன். அது அவருக்குப் பிடித்த பதிலாகத் தெரியவில்லை. கீழே வளர்மதி அக்கா ஒரு பெண் அழுததையும், ஓர் ஆண் அதட்டியதையும், 'கொன்னுரு' என்று மூன்றாவது ஆள் சொன்னதையும் கேட்டிருக்கிறார். மூன்றும் நான்தான் என்று தெரிந்தபோது, கொலைகாரன் குடியிருப்பதே தேவலை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எனக்குப் பேய் பிடிக்கவில்லை என்பதை நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. பகடையைக் காட்டினேன், தாள்களைக் காட்டினேன், விளையாட்டை விளக்கினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். இதை எத்தனை பேர் ஆடுவது என்றார். நாலு பேர் என்றேன். ஒங்க ஆளுங்க எங்க என்றார். சொன்னேன். பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெழம நாங்க வாரோம் தம்பி," என்றார். திருநீற்றைப் பூசிவிட்டுத்தான் போனார், எதற்கும் இருக்கட்டும் என்று.

மூன்று பேர் சேர்ந்தாயிற்று. நாலாவது ஆள்தான் என் நாசத்துக்கு வழி.

அவர் பெயர் தேன்மொழி. கால்நடை மருத்துவர். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, அடுத்த தெருவில் தனியாகக் குடியிருந்தார். அதற்குச் சில நாள் முன்னால் செல்வராசு அண்ணன் வீட்டுப் பசு கன்று போட முடியாமல் தவித்தபோது ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வெந்நீர் வேண்டும் என்றார். நான் மாடியிலிருந்து ஓடி வந்து வாளி நிறையக் கொண்டுபோய் வைத்தேன். அவர் விரலை விடப்போய் சட்டென்று இழுத்துக்கொண்டு, "கொஞ்சம் ஆறட்டும் சார்," என்றார். எங்களுக்குள் நடந்த முழு உரையாடல் அது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் வாழ்ந்தேன். அதில் 'சார்' என்பதை அவர் எப்படிச் சொன்னார் என்று யோசித்தபடி மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை கன்றுக்குட்டிக்கு ஊசி போட வருவார் என்று வளர்மதி அக்கா போகிற போக்கில் சொன்னார். அப்படியே அவரையும் மேலே கூப்பிட்டால் ஆட்டத்துக்கு நாலு பேர் ஆகிவிடும் என்று நானும் போகிற போக்கில் சொன்னேன். (என் வாழ்க்கையில் அவ்வளவு பயிற்சி எடுத்துப் போகிற போக்கில் எதையும் சொன்னதில்லை.)

அந்த வாரம் முழுக்க ஏற்பாடுதான். அறையைக் கழுவினேன். பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன். முறுக்கு வாங்கினேன். கதையையும் முடிவு செய்தேன். மலை உச்சியில் ஒரு கோட்டை, கோட்டைக்குள் சனங்கள், பகைவர் படை வருகிறது, அன்றைக்கென்று சூறைக்காற்று. மதில் மேல் எரியும் தீப்பந்தம் அணையாமல் நம் ஆட்கள் காவல் நிற்க வேண்டும். சூறைக்காற்று என் சொந்த யோசனை. கல்லூரியில் ஆடியபோது கனடாக்காரன் எப்போது பார்த்தாலும் குகைக்குள்தான் சண்டை வேண்டும் என்பான். குகைக்குள் காற்று அடிப்பதில்லை. அதனால் என் காற்று விதிகள் ஒருமுறைகூட ஆட்டத்தில் இறங்கியதே இல்லை.

அந்த விதிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விதித்தொகுப்பில் காற்று மூன்று இடத்தில் வரும். பயண அத்தியாயத்தை, கொல்லிமலைக்கு பைக்கில் போய் வளைவில் காற்று தள்ளி உயிர் தப்பிய கையோடு எழுதினேன். அதில், பலத்த காற்றில் உயரமான இடத்தில் நிற்கும் எல்லோரும் பகடை உருட்ட வேண்டும், பன்னிரண்டுக்குக் கீழே விழுந்தால் ஆள் கீழே போய்விடுவார், கேடயம் வைத்திருந்தால் இன்னும் மோசம். சண்டை அத்தியாயத்தை அரசுத் தேர்வுக்குப் படிக்கும்போது எழுதினேன். அதில், காற்றில் அம்பு மட்டும்தான் குறி தவறும், மனிதர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டால் போதும், ஒன்றும் ஆகாது. மந்திர அத்தியாயத்தைக் கந்தர்வக்கோட்டைக்கு வந்தபின் எழுதினேன். அதில், காற்று லேசான ஆளைத்தான் தூக்கும், கனத்த ஆள் அசையவே மாட்டார். ஒன்றை எழுதும்போது மற்றது எனக்கு நினைவில் இல்லை. ஞாபகப்படுத்தவும் பக்கத்தில் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூவரும் வந்தார்கள். தேன்மொழி நீலச் சுடிதாரில் இருந்தார். நான் வெந்நீர் என்று எதையும் பேச்சில் கொண்டுவரக் கூடாது என்று உறுதியாக இருந்தேன்.

ஆடி மாதம். வெளியே நிஜமான காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் தாள்கள் பறந்தன. மூடிவிட்டு ஃபேனைப் போட்டோம், அப்போதும் பறந்தன. கடைசியில் ஜன்னலையும் மூடி ஃபேனையும் அணைத்துவிட்டு, புழுக்கத்தில் வியர்வை வழிய உட்கார்ந்து, சூறைக்காற்றைப் பற்றிய கதையை ஆரம்பித்தோம்.

ஆட்டம் முதலில் அருமையாகப் போனது. செல்வராசு அண்ணன் தன் வீரனுக்கு ராசகேசரி என்று பெயர் வைத்தார். கவசம், கேடயம், வேல் என்று தாளில் இருந்த எல்லாவற்றையும் அவனுக்கு மாட்டச் சொன்னார். கோட்டைக்குள் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் நான் எந்த ஆசை காட்டினாலும் அவர் மதிலை விட்டு இறங்கவில்லை. நிலவறையில் புதையல் இருக்கிறது என்றேன். "இருக்கட்டும் தம்பி. நான் இங்கிட்டேதான் நிப்பேன்," என்றார்.

தேன்மொழிக்கு வைத்தியச்சி வேடம். அவரும் மதில் மேல் அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காவலனின் கால் முறிவைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். வளர்மதி அக்கா வியாபாரி. மதிலுக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "காத்து அடிக்கிறப்ப எதுக்கு வெளிய வாரது? நான் உள்ளயே இருக்கேன்," என்றார். ஒவ்வொரு சுற்றிலும் அதையே சொன்னார். நடுவில் கீழே போய் முந்திரிப்பருப்பு வறுத்துக்கொண்டு வந்தார்.

அறையில் மூன்று பேர் என் கதைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். முந்திரி வாசம் வந்தது. இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் என்று மனதுக்குள் நான் நாற்காலிகளை நிரந்தரமாகப் போட்டுவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் காற்றை அவிழ்த்துவிட்டேன்.

முதலில் செல்வராசு அண்ணன் உருட்டினார். ஒன்பது விழுந்தது. பயண அத்தியாயம் மேலாக இருந்ததால் அதைப் பார்த்தேன். ராசகேசரியின் கேடயத்தில் காற்று பிடித்து, அவனை மதிலிலிருந்து தூக்கி வீசியது என்று நாடகமாகச் சொன்னேன். கைகளை எல்லாம் விரித்துக் காட்டினேன். கீழே பாறை என்றேன்.

"அப்பறம்?" என்றார்.

அப்புறம் ஒன்றுமில்லை, அவர் இறந்துவிட்டார் என்றேன். அண்ணன் ஒரு முறுக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

அடுத்தது தேன்மொழி. அவருக்கு நாலு விழுந்தது. அவர் பகடையைக் குனிந்து பார்த்துவிட்டு, "நானும் செத்துட்டேனா சார்?" என்று கேட்டார்.

விதி தெளிவாக இருந்தது. ஆனால் அவர் செத்துவிட்டால் ஆட்டத்தில் மிஞ்சுவது வெளியே வரவே மறுக்கும் வளர்மதி அக்கா மட்டும்தான். ஆட்டம் முடிந்துவிடும். அவர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். என் கை, என்னைக் கேட்காமலே, தாள்களைப் புரட்டிச் சண்டை அத்தியாயத்துக்குப் போனது. இல்லை மேடம், நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டீர்கள் என்றேன்.

செல்வராசு அண்ணன் முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"நான் ஏன் பிடிக்கல?"

என்ன அண்ணே என்றேன்.

"எனக்கும் கை இருந்துச்சுல்ல தம்பி. பக்கத்துலதான நின்னேன். அதே செவருதான?"

அவருடைய விதி பயண அத்தியாயம் என்றும், மேடத்தின் விதி சண்டை அத்தியாயம் என்றும் விளக்கினேன். சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்குக் கேட்டது. அவர் கோபப்படவில்லை. தாளைக் குடுங்க என்று வாங்கி, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பத்திரம் படிப்பது போல முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். நாங்கள் மூவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மந்திர அத்தியாயத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"'கனத்த உடலும் கவசமும் கொண்டோர் எத்தகைய சூறைக்காற்றிலும் அசையார்.' இது யாரு எழுதுனது?"

"நாந்தாண்ணே."

"காத்துல எல்லாரும் விழுவாங்கன்னு எழுதுனது?"

அதுவும் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் கணக்குப் போட்டுவிட்டார். மூன்று விதிகளில் இரண்டு அவரைக் காப்பாற்றின. நான் கொல்கிற ஒன்றை எடுத்தேன். மூன்றில் இரண்டு டாக்டரைக் கொன்றன. நான் காப்பாற்றுகிற ஒன்றை எடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். குரலை உயர்த்தாமல், நிஜமான வருத்தத்தோடு கேட்டார்.

"டாக்டரம்மாவுக்கு ஒரு காத்து, எனக்கு ஒரு காத்தா தம்பி?"

வெளையாட்டுதானங்க, விடுங்க என்று வளர்மதி அக்கா சொல்லிப் பார்த்தார். அவர் விடவில்லை. "வெளையாட்டுன்னாலும் ஒரு மொற இருக்கணும்ல. இந்தக் காத்து ஆளு பாத்துல்ல அடிக்குது வளரு," என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் எல்லாம் விளங்கியதை நான் கண்ணால் கண்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அந்த நேரத்தில் நான் பேசாமல் இருந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். சொந்தமாக விதி எழுதுகிறவனுக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. காற்றின் தன்மையை நான் விளக்க ஆரம்பித்தேன். வைத்தியச்சியின் உடல்வாகு எப்படிப்பட்டது, காற்று அவளை ஏன் ஒன்றும் செய்யவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் இந்த விளையாட்டில் பாத்திரத்தை 'நீங்கள்' என்றுதான் சொல்வது வழக்கம். ஆகவே தேன்மொழியைப் பார்த்து, "நீங்க ரொம்ப லேசா இருக்கீங்க மேடம். கொடி மாதிரி. அதனால காத்து உங்கள அப்படியே தழுவிக்கிட்டுப் போயிரும்," என்றேன்.

தழுவிக்கிட்டு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதை நான் அதற்கு முன்னால் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

தேன்மொழி கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. பகடையை எடுத்து என் பக்கம் மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"நானும் விழுந்துட்டேன்னு வச்சுக்குங்க சார். அண்ணன்கூடவே."

கன்றுக்குட்டிக்கு இன்னும் ஊசி போடவில்லை என்று சொல்லி எழுந்தார். கதவருகில் நின்று, முந்திரி நன்றாக இருந்தது அக்கா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். செல்வராசு அண்ணனும் தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனார். வளர்மதி அக்கா மட்டும் தட்டை எடுக்க நின்றார்.

"எல்லாரும் செத்தாச்சு. நான் மட்டுந்தான் உள்ள இருக்கேன். அப்ப நான் செயிச்சுட்டனா தம்பி?"

ஆமாம் அக்கா என்றேன். அவர் சந்தோஷமாகக் கீழே போனார்.

நான் ஜன்னலைத் திறந்தேன். காற்று உள்ளே வந்து எல்லா அத்தியாயங்களையும் தூக்கி அறை முழுக்க இறைத்தது. பிடிக்கத் தோன்றவில்லை. காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, செல்வராசு அண்ணன் திரும்ப வைத்த முறுக்கைத் தின்றேன்.

செய்தி எனக்கு முன்னால் அலுவலகத்துக்குப் போய்விட்டது. வளர்மதி அக்கா பால் சொசைட்டியில் சொல்லியிருக்கிறார். பால் சொசைட்டியில் சொன்னால் கீரமங்கலம் வரைக்கும் கேட்கும். வாரக் கடைசியில் ஒரு பெரியவர் என் மேசை முன்னால் நின்றார். பக்கத்தில் நின்றவரின் மனுவை வாங்கிவிட்டு அவருடையதை மட்டும் நாளைக்குக் கொண்டு வரச் சொன்னேன், ஒரு கையெழுத்து குறைந்ததால். "அவருக்கு ஒரு காத்து, எனக்கு ஒரு காத்தா சார்?" என்றார். அவருக்கு என்னையும் தெரியாது, விளையாட்டையும் தெரியாது. எங்கேயோ கேட்டிருக்கிறார், நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டார். என் பிரிவில் இருந்தவர்கள் பைல்களுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று சாயங்காலம் நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர்களோடு நடக்கவில்லை. நேராக அறைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தேன். மத்தியானம் தட்டுகிற சத்தம் கேட்டது. செல்வராசு அண்ணன் தனியாக நின்றார். கையில் திருநீறு இல்லை. உள்ளே வந்து, போன வாரம் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மன்னிச்சிருங்கண்ணே என்று நான் ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கஜா புயல் அடிச்சப்ப நான் குவைத்துல இருந்தேன் தம்பி. போனு போகல. டிவியில நம்ம பக்கந்தான் காட்டுறான், மரமெல்லாம் படுத்துக் கெடக்கு. ஏசி ரூம்புல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். இங்க இவ புள்ளைகள கட்டிலுக்கு அடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. மாட்டுக் கொட்டாய் மேல தென்ன விழுந்துருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

பகடையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"வந்ததுக்கு அப்பறமும் அவ அதப்பத்திப் பேசுறதில்ல. நானும் கேக்குறதில்ல. ஒங்க வெளையாட்டுலயாச்சும் நின்னுருவோம்னு பாத்தேன். நீங்க தள்ளி விட்டுட்டீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று அத்தியாயத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுக் காற்றை ஒரே விதியாக எழுதிவிடுகிறேன், ராசகேசரியும் பிழைத்துக்கொள்வான் என்றேன். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும். புது ஆளு போடுங்க. இந்தத் தடவ ஒல்லியா."

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆடினோம். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை போவதற்கு வேறு இடம் இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. குவைத்திலிருந்து திரும்பியபோது அவர் வயதுக்காரர்கள் பாதிப்பேர் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். மிச்சப்பேருக்கு அவரோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கந்தர்வக்கோட்டையில் நான் இருந்தவரைக்கும் ஆட்டம் நிற்கவில்லை. வளர்மதி அக்காவும் சில நாள் வருவார். உள்ளேயே இருந்து ஜெயித்துவிட்டுப் போவார்.

தேன்மொழி அப்புறம் மாடிக்கு வரவே இல்லை. தெருவில் பார்த்தால் நல்லா இருக்கீங்களா சார் என்று கேட்பார். நானும் நல்லா இருக்கேன் என்பேன். அவருக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாறுதல் கிடைத்துப் போனபோது சொல்லிக்கொள்ள வந்திருக்கிறார், நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில். மேல தம்பிகிட்டயும் சொல்லிருங்க என்றாராம். வளர்மதி அக்கா சொன்னார். ஒரு சொல்கூட அதிகமாகச் சேர்க்காமல் அப்படியே சொன்னார். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டவன்.

சில வருடம் கழித்து எனக்கு நாமக்கல்லில் பெண் பார்த்துக் கல்யாணமானது. செல்வராசு அண்ணனும் அக்காவும் முதல் நாளே வந்துவிட்டார்கள். அதுதான் தவறாகப் போனது. பந்தி முடிவதற்குள் அக்கா பெண் வீட்டார் அத்தனை பேருக்கும், தழுவிக்கிட்டு என்பது உட்பட, முழுக் கதையையும் நடித்துக் காட்டிவிட்டார். மாலையோடு மேடையில் நின்ற என்னை நோக்கி மண்டபம் முழுக்கத் திரும்பியது.

என் மனைவி சுகன்யா அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டாள். மகளுக்குப் பெரிய அப்பளத்தை வைத்தால், "உங்க மகளுக்கு ஒரு காத்து, எனக்கு ஒரு காத்தா?" என்பாள். மகளுக்கு இப்போது நாலு வயது, அவளும் சொல்கிறாள். மச்சினன் அவன் கம்பெனியில் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறான். போன மாதம் மாமியார் ரேஷன் கடையில், பக்கத்தில் நின்றவருக்கு நல்ல அரிசியும் தனக்குப் பழுப்பு அரிசியும் விழுந்ததைப் பார்த்து அதையே கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டையை மாற்றி நல்ல அரிசி போட்டுக் கொடுத்திருக்கிறார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை.

நாங்கள் இப்போது சேலத்தில் இருக்கிறோம். இந்தத் தெருவில் எனக்கு இன்னும் யாரையும் சரியாகத் தெரியாது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் நான் போகாத ஊருக்கெல்லாம் போய், என்னைவிட நிறைய மனிதர்களோடு பழகிக்கொண்டிருக்கிறது.